பல்லக்கா கியர்பாக்ஸைத் திறந்த ஐந்து வாரம்

என் அப்பாவுக்குக் கீழ் வரிசைப் பல் செட் செய்து கொடுத்தவர் என்ற வகையில்தான் பல்லக்காவை எனக்குத் தெரியும். செட் சரியாக உட்காராமல் நாலு தடவை போக வேண்டியிருந்தது. நாலு தடவையும் அப்பா வாயைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பேசியதெல்லாம் அக்காதான். "வாயில மெழுகு வெச்சவங்ககிட்ட பேசுற சுகமே தனி. குறுக்கப் பேச மாட்டாங்க" என்பார். இந்தக் கதையில் பாதி அப்படிக் கேட்டது. மீதி, அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நாத்தனார் சொன்னது. இருவரும் சொன்னதில் முரண்பட்ட இடங்களில் நான் அக்கா பக்கம் சாய்ந்துவிட்டேன்.

அப்போது அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. இடது கால் மூன்று வயதிலேயே சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புப் பட்டை போட்டுத்தான் நடப்பார். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. நீளமான மேசை, அதன் ஓரத்தில் கையால் முறுக்கும் ஒரு சின்ன பிரஸ், மெழுகு உருக்கும் விளக்கு, பிளாஸ்டர் தூளை ஊதித் தள்ள ஒரு காற்றுக் குழாய். அலமாரி முழுக்க எண் போட்ட பிளாஸ்டர் தாடைகள். முதல் தடவை போகிறவர்களுக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும். "பயப்படாதீங்க, ஒண்ணும் கடிக்காது" என்பார்.

அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதில் இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த நாட்களை அக்கா ஒரு தடவை கூட்டிப் பார்த்திருக்கிறார்: இரண்டு வருஷமும் பதினாறு நாளும். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருக்கும். ஒன்று வீட்டு நேரம், இன்னொன்று கப்பல் நேரம். கப்பல் கிழக்கே போகப் போக அதன் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்களாம். மேற்கே போனால் திரும்ப இழுப்பார்களாம். "இன்னைக்கு ஒரு மணி நேரம் பின்னாடி" என்று அவரிடமிருந்து தகவல் வந்தால் நாத்தனார் ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளைத் திருப்ப வேண்டும். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. "எங்க அண்ணன் கடல்ல நகர்ந்தா இங்க எனக்குத் தோள் வலிக்குது" என்பாள்.

போன் வரும், ஆனால் பேச முடியாது. கப்பலிலிருந்து வரும் குரல் வானத்துக்குப் போய்ச் சுற்றி இறங்க இரண்டு நொடி ஆகும். இவர் "சாப்பிட்டீங்களா" என்பார். பதில் வராததால் "ஹலோ" என்பார். அந்த நேரம் பார்த்து "சாப்பிட்டேன்" என்பது வரும். அங்கே அவருக்கு "ஹலோ" போய்ச் சேரும். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஏழு நிமிட போன் அட்டையில் நாலு நிமிடம் "நீ சொல்லு", "நீங்க சொல்லுங்க" என்பதிலேயே தீர்ந்துபோகும்.

அந்த வருஷம் ஒன்பது மாதம் பத்தாகி, பதினொன்றாகி, பன்னிரண்டும் ஆகிவிட்டது. அவருக்குப் பதிலாக ஏற வேண்டிய ஆள் ஏறவில்லை. அடுத்த துறைமுகத்தில் மாற்றிவிடுவோம் என்று கம்பெனி சொல்லும். அந்தத் துறைமுகம் வரும், போகும், ஆள் மட்டும் வரமாட்டான். கணவர் கப்பல் ஏறிய புதிதில் அவருடைய தலையணை உறையை மாற்றாமல் வைத்திருந்தார் அக்கா. நாலாவது மாதம் அதில் அவர் வாசனை போய், தன் தலைக்கு வைக்கும் எண்ணெய் வாசனைதான் வந்தது. துவைத்துப் போட்டுவிட்டார். இதைச் சொல்லும்போது அப்பாவின் ஈறை அளந்துகொண்டிருந்தார்.  அளவைத் தப்பாக எழுதிவிட்டார். அந்த மூன்றாவது தடவை போனது அதனால்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் காரும் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

கல்யாணமான மூன்றாவது வருஷம் கணவர் வாங்கிக் கொடுத்த பழைய கார் அது. தானாக கியர் மாறும் வண்டி. கிளட்ச் மிதி கிடையாது, வலது கால் ஒன்று போதும். "அந்தக் கார் வந்த பிறகுதான், 'போற வழியில கொஞ்சம் இறக்கி விடுறீங்களா'ன்னு ஊர்ல எல்லாரையும் கேக்குறத விட்டேன்" என்றார் அக்கா. மூன்று பல் டாக்டர்களிடம் அச்சு வாங்கப் போவது, செட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது, எல்லாம் அதில்தான்.

முதலில் மேட்டில் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி யோசித்து யோசித்து நகரும். பிறகு சமதரையிலேயே அப்படி. கணவரிடம் சொன்னால், "நீ எதுலயும் கை வெக்காதே. நான் வந்து பார்க்குறேன்" என்பார். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வரும் மேட்டுத் தெருவின் அடிவாரத்தில் வண்டி நின்றே போனது. எஞ்சின் அலறுகிறது, சக்கரம் அசையவில்லை. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது. அக்கா கியரைப் பின்பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். வண்டி ஜம்மென்று பின்னால் போனது. ஒரு சந்துக்குள் திருப்பிப் பின்புறத்தை மேட்டுப் பக்கம் காட்டி, தெரு முழுக்கப் பின்னோக்கியே ஏறினார். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய நாத்தனார் இதைப் பார்த்துவிட்டு, தெரு நடுவில் ஓடி ஓடி விசில் ஊதி வழி விட்டாள். ஜன்னலுக்கு ஒரு தலை நின்று வேடிக்கை பார்த்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அக்கா கேட்டார்: "எப்படி ஓட்டினேன்?"

"போகும்போது மூஞ்சியக் காட்டிட்டுப் போற ஒரே ஆள் நீங்கதான் அண்ணி" என்றாள் நாத்தனார்.

மெக்கானிக் வந்து பார்த்தான். நல்ல பையன், ஆனால் பேச்சில் நயம் போதாது. "முன்னாடி போற கிளட்ச் தட்டெல்லாம் கருகியிருக்கும் அக்கா. கியர்பாக்ஸையே மாத்தணும். இல்லன்னா எடைக்குப் போட்டுடுங்க."

"கிளட்சே இல்லாத வண்டின்னுதானே வித்தாங்க?"

"மிதிக்கிற கிளட்ச் இல்ல. உள்ள இருக்கு. நீங்க கால்ல மிதிக்கிறத உள்ள எண்ணெய் மிதிக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அந்தத் தட்டை மட்டும் மாத்த முடியாதா?"

"முடியும். அது ரொம்பப் பொடி வேலை. ஒரு ரப்பர் மடிஞ்சாலும் போச்சு. நான் இறக்கித் தருவேன், ஏத்தித் தருவேன். உள்ள கை வெக்க மாட்டேன். தட்டு போட்டேன், மூணு நாள்ல திரும்ப வந்துச்சுன்னா என் கடைப் பேரு கெட்டுடும்."

அக்கா அப்போதைக்குச் சரி என்று விட்டுவிட்டார். கார் வாசலில் நின்று தூசி படிந்தது. அவசர வேலைக்கு நாத்தனாரின் ஸ்கூட்டர் பின்னிருக்கை. மறுபடி "கொஞ்சம் இறக்கி விடுறியா" தொடங்கிவிட்டது.

ஒரு வாரம் கழித்துக் கணவரிடமிருந்து போன். குரலில் ஒரு பரபரப்பு. கப்பலின் வழி மாறியிருக்கிறதாம். ஐந்து வாரத்தில் இந்தக் கரையில் ஒரு துறைமுகத்தைத் தொடுமாம். வீட்டிலிருந்து சாலை வழியாக ஆறு மணி நேரம். சரக்கு இறக்க ஒரு பகல் நிற்கும். ஊழியர்களை நாலு மணி நேரம் வெளியே விடுவார்கள். இறங்கிக்கொள்ள முடியாது, மாற்று ஆள் இல்லை. ஆனால் நாலு மணி நேரம் நிச்சயம்.

போனை வைத்ததும் நாத்தனார் சொன்னாள்: "வாடகைக் கார் வெச்சுப் போயிடலாம் அண்ணி. நானும் லீவு போடுறேன்."

"வாடகைக் கார்ல டிரைவர் முன்னாடி உக்காந்திருப்பான்."

"உக்காந்தா என்ன?"

"பதிமூணு மாசம் கழிச்சுப் பார்க்கப் போற மனுஷன். நாலே மணி நேரம். அதுல மூணாவது ஆள் எதுக்கு?"

நாத்தனார் விசில் கயிற்றை விரலில் சுற்றினாள். "அப்போ நானு?"

"நீ ஸ்கூலுக்குப் போ" என்றார் அக்கா.

மறுநாள் மெக்கானிக்கை வரச்சொல்லி, இறக்கித் தரச் சொன்னார். உள்ளே கை வைக்கப்போவது யார் என்று அவன் கேட்டான். அக்கா தன் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். இரண்டு நாளில் கியர்பாக்ஸ் ஒரு சரக்கு வண்டியில் வீட்டுக்கு வந்தது. அதை மேசைமேல் ஏற்ற மெக்கானிக்கும் நாத்தனாரும் போதுமாக இருந்தார்கள். மெக்கானிக்குக்கு மூச்சு வாங்கியது. நாத்தனாருக்கு இல்லை.

அக்கா அவசரப்படவில்லை. அந்த மாடல் கியர்பாக்ஸின் படங்கள் உள்ள கையேட்டின் நகல் ஒன்றைக் கணவர் எப்போதோ வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். அதோடு ஒரு வீடியோ. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் புரியாத பாஷையில் பேசிக்கொண்டே பிரிக்கிறார். அக்கா சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்த்தார். "வாயைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சவ நான். எனக்குக் கைதான் வேணும்." ஒவ்வொரு பாகமாக வெளியே வந்தது. பல் செட் வைக்கும் சின்னத் தட்டுகளில் வரிசையாக எண் போட்டு அடுக்கினார். ஒன்றில் ஸ்பிரிங், ஒன்றில் வளையம், ஒன்றில் பெயர் தெரியாதது. பெயர் தெரியாதது மூன்று தட்டு ஆனது.

நாலாவது நாள் அந்தக் கிளட்ச் கைக்கு வந்தது. பார்க்க ஒரு சின்ன இரும்பு டப்பா மாதிரி. வாயில் ஒரு பூட்டு வளையம். வளையத்தை நெம்பி எடுத்தால் உள்ளே தட்டுகள்: காகிதம் ஒட்டினாற்போல் ஒரு தட்டு, வழுவழு இரும்புத் தட்டு, மறுபடி காகிதத் தட்டு, மறுபடி இரும்பு. எல்லாம் கருகிக் கிடந்தன. தொட்டால் கரி விரலில் ஒட்டியது. அடியில் எண்ணெய் அழுத்தத்தில் முன்னே வந்து தட்டுகளை நெருக்கும் பிஸ்டன்.

மேலே இருந்த கனமான தட்டைத் துடைத்தபோது அதன் முதுகில் ஏதோ கீறல் தெரிந்தது. அக்கா விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஊசியால் கீறியது. "மேல்" என்று எழுதி ஓர் அம்புக்குறி. ல்லின் புள்ளி எழுத்துக்கு மேலே இல்லை, பக்கத்தில் தள்ளி நின்றது.

பதினோரு வருஷமாகக் கடிதத்திலும் சாமான் பட்டியலிலும் பார்த்த புள்ளி. எப்போதுமே அவருக்குப் புள்ளி தள்ளித்தான் விழும்.

நாத்தனார் உள்ளே வந்தபோது அக்கா அந்தத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "அண்ணி அழுறாங்களா சிரிக்கிறாங்களான்னே தெரியல எனக்கு" என்றாள் என்னிடம்.

"இங்க பாரு. இது யாரு எழுத்து?"

நாத்தனார் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயோ, அண்ணன் நேரம் ஒரு மணி தள்ளணும்ல..."

"நேத்துதான் தள்ளினே. உக்காரு."

உட்கார்ந்தாள். விஷயம் வெளியே வந்தது. போன தடவை கணவர் வீட்டுக்கு வந்திருந்தபோது அக்கா ஒரு கட்டளை போட்டிருந்தார்: வந்திருக்கிறதே அறுபது நாள், அதில் ஒரு நாள்கூட வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. அவரும் தலையாட்டினார். ஆனால் காரில் அப்போதே லேசான வழுக்கல் இருந்தது அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. தான் இல்லாத மாதங்களில் மேட்டில் எங்காவது அக்கா நின்றுபோவாரோ என்று ஒரே யோசனை. அக்கா தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பத்து நாள் போயிருந்த சமயத்தில், ஒரு பழைய கப்பல் நண்பரை வைத்துக் கியர்பாக்ஸை இறக்கி, திறந்து, தட்டு மாற்றி, ஏற்றிவிட்டார். அக்கா திரும்பியபோது, "எண்ணெய் மட்டும் மாத்தினேன்" என்றார். தங்கையிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"அப்போ இந்தத் தட்டெல்லாம் புதுசா போட்டதா? ஒரு வருஷத்துல இப்படிக் கருகுமா?"

நாத்தனாருக்கு அது தெரியவில்லை. அக்காவே கண்டுபிடித்தார். பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அதன் உதடு மெல்லியது, பால் குடிக்கிற குழந்தையின் உதடு மாதிரி. அதில் ஓர் இடத்தில் நகக்கண் அளவுக்கு வெட்டு. அந்த வழியாக எண்ணெய் கசிந்து, பிஸ்டன் முழு பலத்தோடு தட்டை நெருக்காமல், தட்டுகள் உரசி உரசிக் கருகியிருக்கின்றன. ஆள் உயர எஞ்சின்களைத் திறந்து மூடுகிற கை, நகத் தடிமன்கூட இல்லாத ரப்பரை அறுத்துவிட்டது.

கோபம் வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு. ஆனா கோபப்பட ஆள் பக்கத்துல இருக்கணும்ல? வெறும் தட்டுகிட்டயா கோபப்படறது?"

புதுத் தட்டுகளும் சீல்களும் தபாலில் வந்தன. காகிதத் தட்டுகளை ஒரு தாம்பாளத்தில் கியர் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். காய்ந்த தட்டைப் போட்டால் முதல் சுற்றிலேயே எரிந்துவிடும் என்று கையேட்டில் இருந்தது. புது சீலைப் பிஸ்டனில் மாட்டி, எண்ணெய் தடவி, டப்பாவுக்குள் வைத்து அழுத்தினார். முறைத்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் பலமாக அழுத்தினார். போய் உட்கார்ந்தது. அதன்மேல் வரும் பெரிய ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். பல் செட் அமுக்கும் பிரஸ்ஸுக்குள் டப்பாவை வைத்து முறுக்கினார். ஸ்பிரிங் பணிந்தது, வளையத்தை மாட்டினார். தட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, கனத்த தட்டை "மேல்" மேலே பார்க்க வைத்து, பூட்டு வளையம் போட்டார். இடைவெளியை அளந்தார். கையேட்டில் சொன்ன அளவுக்கு மயிரிழை பிசகவில்லை. மயிரிழை அவருக்குத் தினசரி வேலை.

கடைசியாகக் காற்றுக் குழாயை எண்ணெய்த் துளையில் வைத்து அமுக்கினார். பிஸ்டன் நகர்ந்து "டொக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். "உஸ்ஸ்ஸ்" என்றது.

எல்லாவற்றையும் மறுபடி பிரித்தார். புது சீலின் உதட்டில் ஒரு வெட்டு. பழைய சீலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே நீளம், ஒரே சாய்வு.

டப்பாவின் உள்சுவரை விரலால் தடவினார். பூட்டு வளையம் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு ஓர் இடத்தில் கத்தி மாதிரி இருந்தது. பிஸ்டன் அதைத் தாண்டி இறங்கும்போது உதட்டை அறுத்துவிடுகிறது. கணவரும் இதே இடத்தில், இதே மாதிரி பிடிவாதமாக அழுத்தியிருப்பார். தன் கட்டைவிரல் இருக்கும் இடத்தில்தான் அவருடைய கட்டைவிரலும் இருந்திருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றியது. அன்று வேலையை அதோடு நிறுத்திவிட்டார். "அந்த எடத்துலேருந்து கையை எடுக்கவே மனசு வரல" என்றார்.

அடுத்த சீல் வர ஒன்பது நாள் ஆனது. கப்பல் வர இன்னும் எட்டு நாள்தான் மிச்சம். இந்தத் தடவை பல் செட்டை மெருகேற்றும் ரப்பர் சக்கரத்தால் அந்த விளிம்பை மழுக்கினார். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுருட்டி டப்பாவுக்குள் உறைபோல் விட்டார். பிஸ்டனை அதன் வழியே இறக்கி, மெழுகு சீவும் மழுங்கல் கத்தியால் உதட்டைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஒதுக்கினார். அழுத்தவே இல்லை. தானாக வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. தாளை உருவினார். ஸ்பிரிங், தட்டு, வளையம். காற்று.

டொக்.

மாடியிலிருந்து நாத்தனார் கேட்டாளாம்: "என்ன அண்ணி விழுந்துச்சு?" இன்னொரு தடவை காற்றை அமுக்கினார். டொக். பத்து தடவை அமுக்கிப் பத்து தடவை கேட்டார்.

மிச்சத்தை அடுக்கி மூட மூன்று நாள் ஆனது. பெயர் தெரியாத மூன்று தட்டும் காலியானபோதுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது. மெக்கானிக் ஏற்றினான். ஓட்டிப் பார்க்க மேட்டுத் தெருவுக்குத்தான் கொண்டுபோனான். முன்னோக்கி, நேராக, ஒரே மூச்சில் ஏறியது. மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தான். "அக்கா, நம்ம கடைக்கு வேலைக்கு வர்றீங்களா?"

"உன் பல்லெல்லாம் விழட்டும், அப்புறம் நீ என்கிட்ட வா" என்றார் அக்கா.

போகிற நாள் விடியும்போதே கிளம்பினார். தனியாக. பின்னிருக்கையில் இரண்டு பேருக்குச் சாப்பாடு. முன்னிருக்கையின் காலடியில் அவருடைய வீட்டுச் செருப்பு. நாலு மணி நேரமாவது அந்தக் கனத்த பூட்ஸைக் கழற்றிப் போடட்டுமே என்று. வழியில் ஒரு மலைச்சாலை. ஒவ்வொரு வளைவிலும் கியர் மாறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாராம். பாதி மலையில் அதை மறந்துவிட்டு, பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

பதினொன்றரை மணிக்குத் துறைமுகத்தின் வாசல். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ஆள் கப்பலின் பெயரைக் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான்.

"அது உள்ள வரல மேடம். எடம் காலியாகல. வெளியே நங்கூரம் போட்டு நிக்குது."

"எத்தனை மணிக்கு உள்ள வரும்?"

"வராது. சரக்கை அடுத்த துறைமுகத்துல இறக்கச் சொல்லிட்டாங்க. சாயங்காலம் கிளம்பிடும்."

"அதுல இருக்கிறவங்கள ஒரு படகுல..."

"அனுமதி இல்ல மேடம்." அப்புறம்தான் அவன் அவரை நிமிர்ந்து பார்த்தான். கால் பட்டையைப் பார்த்தான். ஜன்னல் வழியாக முன்னிருக்கையின் கீழே இருந்த செருப்பையும் பார்த்தானோ என்னவோ. கூண்டைவிட்டு வெளியே வந்து கையைக் காட்டினான். "அந்த அலைத்தடுப்புச் சுவர் இருக்குல்ல, அதோட முனை வரைக்கும் வண்டி போகும். நான் விடச் சொல்றேன். அங்கேருந்து பார்த்தா தெரியும்."

சுவரின் முனையில் காரை நிறுத்திவிட்டு அக்கா இறங்கும்போதே போன் அடித்தது. கரைக்குப் பக்கம் என்பதால் சாதாரண போன்.

"எங்க இருக்கே?"

"சுவத்து முனையில. நீங்க?"

"மேல்தளத்துல, வலது பக்கம்."

"ஏழு கப்பல் நிக்குது. எது உங்களது?"

"அடிவயிறு செவப்பா இருக்கும்."

"மூணு செவப்பு இருக்கு."

"மஞ்ச கிரேன் இருக்கா பாரு."

"ரெண்டுல இருக்கு."

"நான் கைய ஆட்டுறேன், பாரு."

ஒவ்வொரு கப்பலும் நகம் அளவுக்குத்தான் தெரிந்தது. அதில் கையாவது, ஆளாவது. அக்கா இரண்டு கப்பலுக்கும் தனித்தனியாகக் கையாட்டினார். வேறொருத்தியின் புருஷன் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

"தெரியுதா?" என்றார் அவர்.

"ம். தெரியுது."

"மெலிஞ்சுட்டேனா?"

"ரொம்ப."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அதே நொடியில் போய்ச் சேர்ந்தது. அதே நொடியில் திரும்பி வந்தது. பதிமூன்று மாதத்தில் முதல் தடவையாக, 'நீங்க சொல்லுங்க' இல்லாமல் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுப் பேசினார்கள். பிறகு அவர் கேட்டார்: "கியர்பாக்ஸ் மாத்தினாங்களா?"

"இல்ல. தட்டு மாத்தினது நான்தான்."

"நீயா?"

"உள்ள உங்க எழுத்தைப் பார்த்தேன். மேல்னு."



"என் தங்கச்சி சொல்லிட்டாளா?"

"உங்க புள்ளி சொல்லிடுச்சு. சீலை அறுத்து வெச்சிருந்தீங்க."

"தெரியும்" என்றார் அவர். "அழுத்தும்போதே ஒரு சின்னச் சத்தம் கேட்டுச்சு. மறுநாள் நீ வந்துடுவே. திரும்பப் பிரிக்க நேரம் இல்ல. ஓடிடும்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். நீ போன்ல 'வண்டி வழுக்குது'ன்னு சொல்றப்பல்லாம் அந்தச் சத்தம்தான் எனக்குக் கேக்கும். வந்து சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். வரவே முடியல."

அக்கா ஒரு வருஷத்துக்குச் சேர்த்துத் திட்ட வேண்டும் என்று எடுத்துவைத்த சொற்கள் எல்லாம் இருந்தன. "நானும் அறுத்தேன்" என்றார். "மொதல் தடவ. அதே எடத்துல."

பன்னிரண்டரை மணிக்கு அவருக்கு எஞ்சின் அறை முறை. போனை வைக்க வேண்டியதாயிற்று. கீழே சிக்னல் கிடையாது. அக்கா காரின் கதவைத் திறந்துவைத்து, கால் பட்டையைத் தளர்த்தி, சாப்பாட்டில் ஒரு பங்கைச் சாப்பிட்டார். இன்னொரு பங்கைக் கூண்டு ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நாலரை மணிக்கு ஏழில் ஒன்று மெதுவாக மூக்கைத் திருப்பியது. அப்போதுதான் எது என்று உறுதியானது. அவர் முதலில் கையாட்டிய கப்பல் இல்லை, இரண்டாவது.

வீடு திரும்பியதும் நாத்தனார் வாளியோடு வந்தாள். காரைத் துடைக்கப் போனவள் முன்னிருக்கைச் செருப்பை எடுக்காமல் சுற்றித் துடைத்துவிட்டு வந்தாள்.

அவர் வந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. இந்தத் தடவை அறுபத்திமூன்று நாள் விடுப்பு. வந்த மறுநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு போய் மேட்டுத் தெருவில் ஏறி இறங்கிவிட்டு வந்தார். அக்காவின் வலது கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாராம். அந்த அறுபத்திமூன்று நாளில்தான் எங்கள் அப்பாவின் செட் கடைசியாகச் சரியாக உட்கார்ந்தது. அக்காவின் கணவர் உயரமான மனிதர், உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அன்று அவ்வளவாகப் பேசவில்லை. அளவும் தப்பவில்லை.

"இந்தத் தடவ போகாம இருந்துட்டா என்ன?" என்று ஒரு சாயங்காலம் கேட்டுவிட்டார் அக்கா. கேட்கக் கூடாது என்று பதினோரு வருஷமாக வைத்திருந்த கேள்வி.

 "இன்னும் ரெண்டு தடவ. அப்புறம் இறங்கிடுறேன்" என்றார் அவர்.

விமான நிலையத்துக்கு அக்காதான் ஓட்டிக்கொண்டு போனார். அகலமான, நேரான சாலை. எல்லா வண்டியும் தொண்ணூறில் பறக்கிறது. அக்காவின் முள் நாற்பதைத் தாண்டவில்லை. லாரிகள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயின. ஒரு பேருந்து ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி ஏதோ கேட்டார். வலது கால் மிதியின் மேல்தான் இருந்தது. அழுத்தத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

பக்கத்து இருக்கையில் அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். ஒரு தடவை மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார்.

"மெதுவாவே போ" என்றார்.